இதய உறையின் நாள்பட்ட அழற்சிக்கு அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலும் வயிறும் வீங்கி, கல்லீரல் கோளாறு என்று பல மாதம் மருந்து சாப்பிட்டவரிடம், "பிரச்சினை கல்லீரலில் இல்லை, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில், அதை அறுத்து எடுக்க வேண்டும்" என்று சொன்னால் குடும்பமே திகைத்துப் போகும். அப்போது எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த நோயில் அறுவையின் பலன் பெருமளவு அதைச் செய்யும் நேரத்தைப் பொறுத்தது. அழற்சி மருந்தால் ஆறக்கூடிய கட்டத்தில் அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது. உறை இறுகிவிட்டது என்று உறுதியான பிறகு நாள் கடத்தவும் கூடாது. இரண்டில் திருத்த முடியாத தவறு பின்னதுதான்.

எந்த உறையைப் பற்றிப் பேசுகிறோம்?

இதயத்தை வெளியே சுற்றியிருக்கும் பெரிகார்டியம் என்ற பையைப் பற்றி. அதற்கு இரண்டு அடுக்குகள். உள்ளடுக்கு இதயத் தசையோடு ஒட்டியே இருக்கும். வெளியடுக்கு நார் நிறைந்த உறுதியான பை. இரண்டுக்கும் நடுவே 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை திரவம் இருக்கும். இதயம் உராயாமல் துடிக்க அது போதும். ஆரோக்கியமான உறையின் தடிப்பு பொதுவாக 2 மில்லிமீட்டருக்குள்தான்.

இதயத்தின் உள்பக்கச் சவ்வில் வரும் எண்டோகார்டைட்டிஸ் வேறு நோய். அது கிருமித் தொற்றால் வால்வுகளை அரிக்கும். அங்கே அறுவை என்றால் பெரும்பாலும் வால்வு அறுவைதான்.

எத்தனை நாள் நீடித்தால் "நாள்பட்டது"?

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால். முழுதாகக் குணமாகி, நான்கு முதல் ஆறு வாரம் தொல்லையே இல்லாமல் இருந்து, அப்புறம் திரும்ப வந்தால் அதை மீள்வரும் அழற்சி என்பார்கள். இரண்டுக்கும் அறுவை பற்றிய முடிவு ஒரே மாதிரி எடுக்கப்படுவதில்லை. மீள்வரும் வகையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உறையில் அழற்சி என்றால் காலும் வயிறும் ஏன் வீங்குகின்றன?

நீண்ட கால அழற்சியில் உறை தழும்பாகிச் சுருங்குகிறது. இரண்டு அடுக்குகளும் ஒட்டிக்கொள்கின்றன. சிலருக்குச் சுண்ணாம்பும் படிகிறது. விரியத் தெரிந்த இதயத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிட்ட நிலை அது. இறுக்கும் பெரிகார்டைட்டிஸ் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் இதயத்தின் சுருங்கும் வலு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதுதான் முடியாது. அதனால் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை) அறிக்கையில் "பம்ப் செய்யும் திறன் இயல்பு" என்று வந்ததும் நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. உள்ளே போக முடியாத ரத்தம், அதை இதயத்துக்குக் கொண்டுவரும் சிரைகளில் தேங்குகிறது. கழுத்து நரம்பு (கழுத்திலுள்ள சிரை) புடைக்கிறது, கல்லீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, காலில் வீக்கம் வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் சோர்வும், நடந்தால் மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்கின்றன. வயிறு பெருத்துக் கையும் தோளும் மெலிந்து போவதால் பலருக்கு முதலில் "சிரோசிஸ்" (கல்லீரல் தழும்பாகும் நோய்) என்று முத்திரை விழுந்துவிடுகிறது. வயிற்றில் நீர் கோத்த ஒருவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தால், கல்லீரலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. சிரோசிஸ் மட்டும் இருப்பவருக்குக் கழுத்து நரம்பு பொதுவாக அப்படிப் புடைக்காது.

எதனால் இது வருகிறது?

காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அதுதான் முதன்மைக் காரணம். மற்ற நாடுகளில் வைரஸ் தொற்று அல்லது காரணம் பிடிபடாத அழற்சி, முன்பு செய்த இதய அறுவை, மார்புக்குக் கொடுத்த கதிர்வீச்சு ஆகியவை அதிகம். கதிர்வீச்சின் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கோ மார்பகப் புற்றுநோய்க்கோ இளம் வயதில் கதிர்வீச்சு பெற்றவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். முடக்குவாதம், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய், சிறுநீரகச் செயலிழப்பு, உறைக்குள் சீழ் கட்டுதல் ஆகியவையும் காரணமாகலாம்.

சாதாரண வைரஸ் பெரிகார்டைட்டிஸ் வந்தவர்கள் பயப்பட வேண்டாம். அவர்களில் இறுக்கம் வரை போவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. சீழ் கட்டிய பாக்டீரியா தொற்றிலோ அது 20 முதல் 30 சதவீதம்.

மருந்தால் சரியாகாதா? உடனே அறுவைதானா?

உடனே அல்ல. இறுக்கத்தின் அறிகுறிகள் தெரிந்தாலும், அது தழும்பால் வந்ததா, இன்னும் எரிந்துகொண்டிருக்கும் அழற்சியால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அழற்சியால் வீங்கிய உறையும் இதயத்தை இறுக்கும். ஆனால் அந்த இறுக்கம் மருந்தில் இளகிவிடலாம். இப்படிப்பட்ட தற்காலிக இறுக்கம் உள்ளவருக்கு அவசரப்பட்டு நெஞ்சைப் பிளப்பது தேவையற்ற கொடுமை.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகள் உயர்ந்திருந்தால், எம்.ஆர்.ஐ.யில் படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் காடோலினியம் மருந்தை உறை பிரகாசமாக ஏற்றுக்கொண்டால், அழற்சி உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். நோயாளி நிலையாக இருக்கும்பட்சத்தில் இரண்டு மூன்று மாதம் அழற்சி மருந்துகள் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். இபுப்ரோஃபென் அல்லது ஆஸ்பிரின் வகை மருந்து, கூடவே கால்ச்சிசின், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு என்று போகும்.

மாறாக, சுண்ணாம்பு படிந்து கெட்டியான உறை, எலும்பும் தோலுமாய் மெலிந்த உடல், நெடுநாளாகச் சீராக இல்லாத இதயத் துடிப்பு என்று இருந்தால் மருந்து உறையை இளக்காது. நீர் பிரியும் மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அவற்றால் கால் வற்றியதைப் பார்த்து நோயே குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

காசநோயால் வந்திருந்தால்?

முதலில் முழுமையான காசநோய் மருந்து. வழக்கமாக ஆறு மாதம். இது இறுக்கம் வருவதற்கான வாய்ப்பையும் வெகுவாகக் குறைக்கிறது. நான்கு முதல் எட்டு வாரம் மருந்து சாப்பிட்டும் நிலைமை தேறாமல் இருந்தாலோ மோசமானாலோ அறுவையைப் பரிசீலிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். அறுவை முடிந்துவிட்டது என்று காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. கத்தி உறையை எடுக்கும். கிருமியை மருந்துதான் கொல்லும்.

எந்தச் சோதனைகள் தேவை?

எக்கோதான் முதல் படி. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இதய வால்வுகளின் வழியே ஓடும் ரத்தத்தின் வேகம் எப்படி மாறுகிறது, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் எப்படித் துள்ளுகிறது என்று அதில் பார்ப்பார்கள். சி.டி. ஸ்கேன் உறையின் தடிப்பையும் சுண்ணாம்பு எங்கெங்கே படிந்திருக்கிறது என்பதையும் காட்டும். அறுவை மருத்துவருக்கு அது வரைபடம் போல உதவும். இன்னும் சந்தேகம் இருந்தால் இதயத்துக்குள் குழாய் செலுத்தி இரு கீழறைகளின் அழுத்தங்களையும் ஒரே நேரத்தில் அளப்பார்கள்.

இவ்வளவு சோதனைகள் எதற்கு என்றால், இதயத் தசையே விறைத்துப்போகும் ரெஸ்ட்ரிக்டிவ் கார்டியோமயோபதி என்ற நோயும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகளைத் தரும். அதற்கு உறையை எடுத்தால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஸ்கேனில் உறை தடிக்கவில்லை, ஆகவே இந்த நோய் இல்லை" என்று முடிவு கட்டிவிட முடியாது. அறுவையில் உறுதியான இறுக்க நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உறையின் தடிப்பு இயல்பாகவே இருந்ததாக மேயோ கிளினிக் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அறுவைக்கு மிகச் சரியான நேரம் எது?

இறுக்கம் நிரந்தரமானது என்று உறுதியாகி, அன்றாட நடமாட்டத்தைப் பாதிக்கத் தொடங்கியதும். உடலில் இன்னும் தெம்பு இருக்கும்போதே.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற சொல்தான் இந்த நோயில் அதிகம் கெடுக்கிறது. உறைக்குள் மாதக்கணக்கில் அடைபட்ட இதயத் தசை மெலிகிறது. சுண்ணாம்பு சில இடங்களில் தசைக்குள்ளேயே இறங்குகிறது. ரத்தம் தேங்கித் தேங்கிக் கல்லீரல் நிஜமாகவே தழும்பாகிறது. குடலிலும் தேக்கம் ஏற்பட்டு அதன் வழியே புரதம் கசிந்து வெளியேற, உடல் உருகுகிறது. ஓய்வில் இருக்கும்போதே இதயம் அனுப்பும் ரத்தம் மிகக் குறைந்துவிட்ட கட்டத்தில், அறுவையின் ஆபத்து ஏறி அதன் பலன் சுருங்கிவிடுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது கைவிடுதல் அல்ல, நேர்மையான கணக்கு.

நேர்மாறாக, அறிகுறிகள் மிக லேசாக இருந்து பல காலமாக மாறாமலே இருக்கும் முதியவர்களைக் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பதும் உண்டு.

அறுவையை எப்படிச் செய்கிறார்கள்?

இதன் பெயர் பெரிகார்டியெக்டமி. பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து உள்ளே போகிறார்கள். சீழ் கட்டிய நோயில் சிலர் இடப்பக்க விலா எலும்புகளின் இடைவெளி வழியாகப் போவதை விரும்புவார்கள். தொற்று நெஞ்செலும்புக்குப் பரவாமல் இருக்க அது உதவும்.

மார்பின் இரு பக்கமும் உறையை ஒட்டி ஃபிரெனிக் நரம்புகள் இறங்குகின்றன. உதரவிதானத்தை அசைத்து நம்மை மூச்சுவிட வைப்பவை அவை. முன்பக்கம் ஒரு நரம்பிலிருந்து மறு நரம்பு வரை உறையை எடுப்பது குறைந்தபட்சம். அதோடு உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கும் பகுதியையும், இடது நரம்புக்குப் பின்னால் இடது கீழறையைச் சுற்றியிருக்கும் பகுதியையும் எடுத்தால்தான் அறுவை முழுமை பெறும். நரம்புகளை மெல்லிய திசுப் பட்டையோடு அப்படியே விட்டுவிடுவார்கள்.

வழக்கமாக இடது கீழறையை முதலில் விடுவிப்பார்கள். வலது பக்கத்தை முதலில் அவிழ்த்துவிட்டால், அது பலமாகத் தள்ளும் ரத்தத்தை இன்னும் இறுக்கத்தில் இருக்கும் இடது பக்கம் வாங்க முடியாமல் நுரையீரலில் நீர் நிரம்பிவிடும்.

வெளியடுக்கை எடுத்த பிறகும் இதயம் விரியாவிட்டால், தசையோடு ஒட்டிய உள்ளடுக்கிலும் தழும்பு இருக்கிறது என்று பொருள். அதையும் உரிக்க வேண்டும். உரிக்க வராத இடங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் போட்டுத் தசைக்கு விரிய இடம் கொடுப்பார்கள். தசைக்குள் புதைந்த சுண்ணாம்பைப் பிய்த்தால் ரத்தம் பீறிடும். அதைச் சிறு தீவுகளாக விட்டுவிடுவதே விவேகம்.

அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவி எல்லோருக்கும் தேவைப்படாது. அது ஓடும்போது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தர வேண்டியிருப்பதால் கசிவு கூடும். அதே சமயம், பின்பக்கம் வரை இதயத்தைத் தூக்கித் திருப்பி முழுமையாக உரிப்பதற்கு அது துணை செய்கிறது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. வால்வையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் கேள்வியே இல்லை, இயந்திரம் வேண்டும். எடுத்த உறையை நோயியல் சோதனைக்கும் கிருமிச் சோதனைக்கும் அனுப்புவார்கள். சிலருக்குக் காரணம் அப்போதுதான் தெரிய வரும்.

உறையில் ஒரு ஜன்னல் வெட்டினால் போதாதா?

உறைக்குள் நீர் சேர்ந்து அழுத்துபவருக்கு அது போதும். ஊசியால் நீரை எடுப்பதோ, சிறு துளை போட்டு வடிய விடுவதோ நல்ல நிவாரணம் தரும். கெட்டியான உறை நெருக்குபவருக்கு ஒரு ஜன்னலால் பயன் இல்லை. இரண்டும் கலந்த நிலையும் உண்டு: நீரை வடித்த பிறகும் இதயத்தின் அழுத்தம் இறங்காது. அவர்களுக்கு உள்ளடுக்கை எடுப்பதுதான் முக்கியம்.

உறை இல்லாமல் இதயம் வேலை செய்யுமா?

செய்யும். உறை இதயத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது, திடீரென்று அளவுக்கு மீறி விரியாமல் தடுக்கிறது, உராய்வைக் குறைக்கிறது. உயிர் வாழ அது கட்டாயம் இல்லை. பிறவியிலேயே உறை முழுதாக இல்லாமல் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்த இடத்தில் செயற்கை உறை எதையும் வைக்கத் தேவையில்லை.

எவ்வளவு ஆபத்தானது?

லேசான அறுவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அறுவையையொட்டிய இறப்பு விகிதத்தை 6 முதல் 12 சதவீதம் என்று குறிப்பிடுகிறது. ஆனால் இந்தச் சராசரி எண்ணை உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணத்தைப் பொறுத்து இது தலைகீழாக மாறுகிறது. கிளீவ்லேண்ட் கிளினிக் 2004இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் தெரியாத வகையினரில் அறுவைக்குப் பின் ஏழு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 88 சதவீதம். முன்பு இதய அறுவை செய்துகொண்டவர்களில் 66 சதவீதம். கதிர்வீச்சால் வந்தவர்களில் 27 சதவீதம். கதிர்வீச்சு உறையை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. தசை, வால்வு, இதய ரத்தக்குழாய், நுரையீரல் என்று எல்லாவற்றையும் பாதிக்கிறது. உறையை எடுப்பதால் அவை சரியாவதில்லை.

வயது, சிறுநீரகம் மற்றும் கல்லீரலின் நிலை, நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம், இதயத் தசையின் வலு ஆகியவையும் கணக்கில் வரும்.

அறுவை முடிந்ததும் என்ன சிக்கல்கள் வரலாம்?

அதிகம் அஞ்சப்படுவது, விடுபட்ட இதயம் சட்டென்று தளர்ந்துபோவது. நெடுநாள் அடைபட்டு மெலிந்த தசைக்குத் திடீரென்று நிறைய ரத்தம் வந்தால் சமாளிக்க முடியாமல் போகலாம். முதல் சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதயத்துக்கு வலுவூட்டும் மருந்துகள் ஓடுவது இதற்காகத்தான். ரத்தக்கசிவு, துடிப்பு சீர்கெடுதல், நுரையீரலைச் சுற்றி நீர் சேர்தல், சிறுநீரகம் மந்தமாதல், ஃபிரெனிக் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சு சிரமப்படுதல் ஆகியவையும் வரலாம்.

அறுவைக்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

நீர் பிரியும் மாத்திரைகளால் வீக்கத்தை ஓரளவு குறைப்பார்கள். மிகையாகக் குறைத்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நாடி வேகமாக ஓடுகிறதே என்று அதை அடக்கும் மாத்திரையைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகவே ரத்தம் போவதால், வேகமாகத் துடித்துத்தான் உடல் அதை ஈடுகட்டுகிறது. புரதச் சத்துள்ள உணவு கொடுத்து உடலைத் தேற்றுவது மிகவும் முக்கியம், குடும்பத்தார் நேரடியாக உதவக்கூடிய இடமும் அதுதான்.

எப்போது பழையபடி ஆகலாம்?

சிலருக்குச் சில நாட்களிலேயே கழுத்து நரம்பு இறங்கி, சிறுநீர் தாராளமாகப் போய், கால் வற்றிவிடும். பலருக்கு அது வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கூட எடுக்கும். இதயம் மறுபடி விரியப் பழக வேண்டும் அல்லவா? மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பளு தூக்குவதை மூன்று மாதம் வரை தவிர்க்கச் சொல்வார்கள். மெதுநடையை மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுவார்கள். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் நீர் மறுபடி சேர்கிறது என்று பொருள்.

இறுக்கம் இல்லை, ஆனால் நெஞ்சுவலி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கும் அறுவை உண்டா?

மீள்வரும் அழற்சிக்கு அறுவை கடைசி வழி. கால்ச்சிசின் மறுபடி வரும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. அதற்கும் அடங்காமல் ஸ்டீராய்டை விடவே முடியாமல் தவிப்பவர்களுக்கு இப்போது அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. அனாகின்ரா ஒன்று, ரிலோனாசெப்ட் மற்றொன்று, இதை இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் 2021இல் அனுமதித்தார்கள். இவையும் கைகொடுக்காதபோது, அல்லது பக்க விளைவுகளால் தொடர முடியாதபோது, அனுபவமுள்ள மையத்தில் உறையை முழுதாக எடுப்பது பலருக்கு விடுதலை தந்திருக்கிறது. பாதி எடுத்தால் மீதியில் அழற்சி தொடர்ந்து வலியும் தொடரலாம்.

இது புதிய சிகிச்சையா?

இல்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் எட்மோன் டெலார்ம் 1898இலேயே இந்த யோசனையை முன்வைத்தார். ஜெர்மனியில் லுட்விக் ரேன், ஃபெர்டினாண்ட் சவர்ப்ரூக் ஆகியோர் 1913 வாக்கில் அதைச் செய்துகாட்டினார்கள். இதய-நுரையீரல் இயந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

நோய் திரும்ப வருமா?

முழுதாக எடுத்திருந்தால் இறுக்கம் திரும்புவது அரிது. திரும்பியவர்களில் பலருக்கு முதல் அறுவையில் பின்பக்கமோ அடிப்பக்கமோ மிச்சம் விட்டிருப்பார்கள். இரண்டாவது அறுவை முடியும். ஆனால் ஒட்டல்கள் கூடியிருப்பதால் மிகக் கடினம். எனவே முதல் முறையே முழுமையாகச் செய்வதற்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள்.

மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம்?

தயங்காமல் கேளுங்கள். அழற்சி இன்னும் உயிர்ப்போடு இருக்கிறதா, மருந்தால் இளக வாய்ப்பு உண்டா? இதயத் தசை நோய் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? என் விஷயத்தில் காரணம் என்ன, அதற்கேற்ற ஆபத்து எவ்வளவு? எவ்வளவு உறையை எடுக்கத் திட்டம், பின்பக்கமும் சேர்த்தா? இந்த அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இது பைபாஸ் போல நாள்தோறும் நடக்கும் அறுவை அல்ல. வேறொரு மையத்துக்குப் போவது நல்லது என்று தோன்றினால் நல்ல மருத்துவர் தானே கடிதம் எழுதிக் கொடுப்பார். அப்படிப் போகும்போது எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றின் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.